பாக்கெட் எங்கே தொலைந்தது?



"கன்டெய்னருக்குள்ள நெட் வரல." சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. வந்தபின் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடலாம். முதலில் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்வார்கள். சரியாகாது. பிறகு டாக்கரை. அதற்கும் மசியாவிட்டால் சர்வரையே. அரை மணி நேரம் கழித்து "இப்ப வருது, பாருங்க" என்று இன்னொரு வரி வரும். ஏன் போனது, ஏன் திரும்பி வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. இன்று மாலை நான் அந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் பேசப்போகிறேன்.

ஒரு பெரிய கட்டடத்தில் நெட்வொர்க் போய்விட்டால் தேடுவது உண்மையிலேயே கஷ்டம். கேபிள் சுவருக்குள் ஓடுகிறது. சுவிட்ச் மூன்றாம் மாடியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் அன்றைக்கென்று லீவு. ஆனால் ஒரே சர்வரில் உள்ள கன்டெய்னர்களுக்கு இடையே ஓடும் நெட்வொர்க்கில் கேபிளும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. எல்லாமே ஒரே கெர்னலின் மெமரிக்குள் நடக்கிறது. அதன் எந்தக் கணுவிலும் நின்று பார்க்கலாம். பாக்கெட் இதுவரை வந்தது, இதற்கப்பால் போகவில்லை என்று விரல் வைத்துச் சொல்லலாம். கேபிள் காலத்து ஆட்களுக்கு இப்படி ஒரு வசதி கனவிலும் கிடைக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஊகத்தில் வேலை செய்கிறோம்.

கொஞ்சம் வரலாறு. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் சிஎச்ரூட் வந்தது. ஒரு புரோகிராமுக்குக் கண்ணில் படும் கோப்புகளை மட்டும் அது எல்லை கட்டிக் கொடுத்தது. நெட்வொர்க்கைத் தொடவே இல்லை. 2000 மார்ச்சில் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0 ஜெயில்களைக் கொண்டுவந்தது. அதிலும் முதலில் ஒரு ஜெயிலுக்கு ஒரு ஐபி முகவரி என்று ஒதுக்கினார்களே தவிர, நெட்வொர்க் அடுக்கு எல்லோருக்கும் பொதுதான். 2005இல் சோலாரிஸ் 10 ஜோன்களோடு வந்தது. லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் 2008 ஜனவரியில், 2.6.24 கெர்னலில் உருவெடுக்கத் தொடங்கியது. நம் தலைவலி அங்கே ஆரம்பிக்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும், அதாவது ஒவ்வொரு தனியறைக்கும், தனி இன்டர்ஃபேஸ், தனி ரூட்டிங் டேபிள், தனி ஃபயர்வால் ரூல்கள், தனி லூப்பேக் என்று முழுக் குடித்தனமே வந்துவிட்டது. 2013இல் டாக்கர் வந்தபோது இந்தக் குடித்தனத்தை ஒரே கட்டளையில் அமைத்துக் கொடுத்தது. சுலபமாக அமைந்துவிட்டதால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? கன்டெய்னரிலிருந்து ஒரு பாக்கெட் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது வீத் ஜோடி வழியாக வருகிறது. வீத் என்பது இரண்டு முனைகள் கொண்ட மெய்நிகர்க் கம்பி. ஒரு முனை கன்டெய்னருக்குள், மறுமுனை சர்வரில். கன்டெய்னருக்குள் இன்டர்ஃபேஸ்களைப் பட்டியலிட்டால் ஈத்0 என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியும் ஒரு எண்ணும் இருக்கும். 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. சர்வரின் பட்டியலில் 12ஆவது இன்டர்ஃபேஸ்தான் இதன் மறுமுனை என்று அந்த எண் சொல்கிறது. நாற்பது கன்டெய்னர்கள் ஓடும் சர்வரில், புரியாத பெயர்களோடு வரிசையாக நிற்கும் நாற்பது வீத்களில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை.

மறுமுனை ஒரு பிரிட்ஜில் செருகப்பட்டிருக்கும். அங்கிருந்து பாக்கெட் சர்வரின் ரூட்டிங்குக்கு வருகிறது. ஐபி ஃபார்வர்டிங் இயங்கினால்தான் மேலே போகும். பிறகு ஃபயர்வாலின் ஃபார்வர்ட் செயின். அதைத் தாண்டினால் நேட். உள்முகவரி போய் சர்வரின் முகவரி ஏறும். கடைசியில் வெளிக்கார்டு. பதில் வரும்போது, இன்னாருடைய பதில் இது என்று கெர்னல் கன்ட்ராக் டேபிளில் பார்த்து, வந்த வழியே உள்ளே அனுப்பும். இவ்வளவுதான் பாதை. விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள்.

இந்தப் பாதையைக் கவனிக்க நம்மிடம் இருக்கும் கருவி புதிதல்ல. டிசிபிடம்ப் 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது. வான் ஜேக்கப்சன் முதலானோரின் வேலை. இதைப் பயன்படுத்தும்போது ஒரு விஷயம் நினைவிருக்க வேண்டும். உள்ளே வரும் பாக்கெட்டை அது ஃபயர்வால் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடும். வெளியே போகும் பாக்கெட்டையோ, ஃபயர்வாலும் நேட்டும் தங்கள் வேலையை முடித்த பின்புதான் பார்க்கும். இது தெரியாமல் "டம்ப்ல வருதே, அப்ப ஃபயர்வால் விட்டுருச்சு" என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்போதெல்லாம் கன்டெய்னர் இமேஜ்களை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிவிடுகிறார்கள். உள்ளே பிங்கூட இருக்காது. நெட் ஏன் வரவில்லை என்று பார்க்க பிங் வேண்டும். பிங்கை நிறுவ நெட் வேண்டும். நல்ல கூத்து. இதற்கு வழி என்எஸ்என்டர் என்ற கட்டளை. கன்டெய்னரின் புராசஸ் எண்ணைக் கொடுத்து, அதன் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் நுழையச் சொல்லலாம். கோப்புகள் சர்வருடையவை, நெட்வொர்க் கன்டெய்னருடையது. சர்வரில் உள்ள பிங், டிசிபிடம்ப் எல்லாவற்றையும் கன்டெய்னரின் இடத்தில் நின்று ஓட்டலாம். கன்டெய்னருக்குள் எதையும் நிறுவ வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம்.

இனி ஒரு முழு வழக்கு. ஒரு சர்வரில் எல்எக்ஸ்டி என்ற கருவி நடத்தும் கன்டெய்னர்கள் நெடுநாளாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரோ ஒரு சோதனைக்காக அதே சர்வரில் டாக்கரை நிறுவுகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் ஓடுகிறது. சில வாரங்கள் கழித்து கெர்னல் அப்டேட்டுக்காக சர்வரை ரீபூட் செய்கிறார்கள். எழுந்ததும் எல்எக்ஸ்டி கன்டெய்னர்கள் எதிலும் இன்டர்நெட் இல்லை. எல்லோரும் கெர்னலைத் திட்டுகிறார்கள்.

இங்கே முதல் வேலை, எதையும் தொடாமல் கன்டெய்னரிலிருந்து அதன் கேட்வேக்கு, அதாவது பிரிட்ஜின் முகவரிக்கு, பிங் அனுப்புவது. பதில் வருகிறது. ஆகவே வீத் சரி, பிரிட்ஜ் சரி. ஆனால் ஃபார்வர்ட் செயினைப் பற்றி இந்தப் பதில் ஒன்றுமே சொல்லவில்லை. பிரிட்ஜின் முகவரி சர்வருடைய சொந்த முகவரி. அதற்கு வரும் பாக்கெட் இன்புட் செயினோடு நின்றுவிடும். "கேட்வே பிங் ஆகுது, அதனால ஃபயர்வால் பிரச்சினை இல்ல" என்று இந்த இடத்தில்தான் வழி தவறுவார்கள்.

அடுத்து, வெளியிலுள்ள ஒரு முகவரிக்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, பிரிட்ஜில் டிசிபிடம்ப் வையுங்கள். கேள்வி போவது தெரிகிறது, பதில் இல்லை. இப்போது வெளிக்கார்டில் வையுங்கள். அங்கே நான்கு விதமாகக் காணலாம். கேள்வி சர்வரின் முகவரியோடு வெளியே போய், பதில் வராமல் இருந்தால், தவறு நம் சர்வருக்கு வெளியே. கேள்வி கன்டெய்னரின் உள்முகவரியோடேயே வெளியே போனால் நேட் வேலை செய்யவில்லை. பதிலும் வந்து சேர்ந்திருந்தால், தவறு திரும்பும் வழியில். எதுவுமே தென்படாவிட்டால், பாக்கெட் சர்வருக்குள்ளேயே பிரிட்ஜுக்கும் வெளிக்கார்டுக்கும் நடுவில் தொலைந்திருக்கிறது. நம் வழக்கில் எதுவுமே தென்படவில்லை.

நடுவில் இருப்பவை ஃபார்வர்டிங்கும் ஃபார்வர்ட் செயினும். ஐபி ஃபார்வர்டிங் 1 என்று இருக்கிறது. ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்ட் செயினை எண்ணிக்கையோடு பட்டியலிட்டுப் பாருங்கள். தலைப்பிலேயே அதன் பாலிசி ட்ராப் என்றும், அந்தப் பாலிசியால் இதுவரை விழுந்த பாக்கெட்கள் இத்தனை, பைட்கள் இத்தனை என்றும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு சரியாக ஐந்து பிங் அனுப்புங்கள். வழக்கமான ஒரு பிங் 84 பைட். 56 பைட் சரக்கு, 8 பைட் ஐசிஎம்பி தலைப்பு, 20 பைட் ஐபி தலைப்பு. மீண்டும் பட்டியலிட்டால் பாக்கெட் எண்ணிக்கை ஐந்தும் பைட் எண்ணிக்கை 420ம் கூடியிருக்கும். பரபரப்பான சர்வராக இருந்தால் மற்ற கன்டெய்னர்களின் பாக்கெட்களும் கலந்து ஏறும். அப்போது கன்டெய்னரின் முகவரிக்கு மட்டும் பொருந்தும் ஒரு ரூலை, எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் எண்ண மட்டும் செய்வதாக, செயினின் மேலே வைத்துக்கொள்ளலாம். பாக்கெட் எங்கே விழுந்தது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

இந்த ட்ராப் எங்கிருந்து வந்தது? 2017 ஜனவரியில் வந்த டாக்கர் 1.13 முதல் உள்ள நடைமுறை இது. டாக்கர் எழும்போது ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருந்தால் தானே அதை இயக்கும். இயக்கியதும், அந்த சர்வர் ஊரார் பாக்கெட்களுக்கெல்லாம் ரூட்டராகிவிடக் கூடாது என்று ஃபார்வர்ட் செயினின் பாலிசியை ட்ராப் ஆக்கிவிடும். தன் கன்டெய்னர்களுக்கு மட்டும் வழி வைத்துக்கொள்ளும். பாதுகாப்பு நோக்கில் நியாயமான ஏற்பாடு. ஆனால் ஃபார்வர்டிங் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் பாலிசியைத் தொடாது. அன்றைக்கு டாக்கரை நிறுவியபோது எல்எக்ஸ்டி ஃபார்வர்டிங்கை முன்பே இயக்கி வைத்திருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ரீபூட்டில் டாக்கர் முந்திக்கொண்டது, கதவு மூடிவிட்டது. கெர்னலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது ரீஸ்டார்ட் ஆசாமியை நினைத்துப் பாருங்கள். அவர் இன்னொரு தடவை ரீபூட் செய்கிறார். இந்தத் தடவை எல்எக்ஸ்டி முந்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அடுத்த ரீபூட்டில் யார் முந்துவார்கள் என்பது அந்த நேரத்துக் கணக்கு.

இதே வழக்கில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அனுபவமுள்ளவர்களையும் இது சுற்றலில் விடும். புதிய எல்எக்ஸ்டி தன் ரூல்களை என்எஃப்டேபிள்ஸில், தனக்கென்று ஒரு டேபிளில் எழுதுகிறது. அங்கே போய்ப் பார்த்தால் "இந்தப் பிரிட்ஜிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்" என்று தெளிவாக இருக்கும். அனுமதி இருக்கிறதே, பிறகு ஏன் விழுகிறது? ஐபிடேபிள்ஸில் ஒரு செயினில் ஏற்றுக்கொண்டால் அதோடு முடிந்தது என்று பழகியவர்களுக்கு இது புரியாது. என்எஃப்டேபிள்ஸில் ஒரே கட்டத்தில் பல டேபிள்களின் செயின்கள் காத்திருக்கலாம். ஒன்று ஏற்றுக்கொண்டால், பாக்கெட் அடுத்ததன் முன் போய் நிற்கும். ஒன்று ட்ராப் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய கூட்டுக் கணக்குக் காசோலை மாதிரி: எல்எக்ஸ்டி கையெழுத்துப் போட்டுவிட்டது, டாக்கர் போடவில்லை. எல்எக்ஸ்டியின் பக்கத்தில் எத்தனை ரூல் சேர்த்தாலும் பயன் இல்லை.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அவசர வைத்தியங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலாவது, ரூல்களையெல்லாம் துடைத்துவிடுவது. துடைக்கும் கட்டளை ரூல்களைத்தான் துடைக்கும், பாலிசியைத் தொடாது. பாலிசி ட்ராப்பாக இருக்கும்போது துடைத்தால் டாக்கர் தன் கன்டெய்னர்களுக்கு வைத்திருந்த வழியும் போய், இதுவரை ஓடியவையும் நின்றுவிடும். இன்புட் செயினின் பாலிசியும் ட்ராப்பாக இருந்தால் உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பும் அறுந்துவிடும்; பிறகு சர்வர் இருக்கும் டேட்டா சென்டருக்கு போன் போட வேண்டியதுதான். இரண்டாவது, கன்டெய்னரைத் தனி நெட்வொர்க் இல்லாமல் சர்வரின் நெட்வொர்க்கிலேயே ஓடவிடுவது. உடனே வேலை செய்யும், மறுக்கவில்லை. தனியறை எதற்காகக் கட்டினோமோ அதில் பாதியை இடித்துவிட்டுக் காற்று நன்றாக வருகிறது என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

மற்ற குறைகளில் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்கரின் முதல் பிரிட்ஜ் வழக்கமாக 172.17.0.0/16 என்ற வரம்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் அலுவலக விபிஎன்னும் அதே வரம்பில் இருந்தால், அலுவலகத்துக்குப் போக வேண்டிய பாக்கெட் பிரிட்ஜுக்குள் போய் மாயமாகும். தனியார் முகவரிகளுக்கு ஒதுக்கப்பட்ட வரம்புகள் 1996 முதலே மூன்றுதான். மோதல் வருவதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று, கன்டெய்னருக்குள் ஓடும் புரோகிராம் 127.0.0.1இல் மட்டும் காத்திருப்பது. லூப்பேக்கும் கன்டெய்னருக்குத் தனி என்று சொன்னேன் அல்லவா? வெளியிலிருந்து போர்ட்டைத் திறந்துவிட்டாலும் அந்தப் புரோகிராமை எட்ட முடியாது. டெவலப்பர் நெட்வொர்க்காரரைக் குறைசொல்வார், அவர் இவரை. மூன்றாவது, கன்டெய்னரை நேரடியாக வெளி நெட்வொர்க்கோடு பிரிட்ஜ் செய்வது. வாடகை சர்வர் தரும் நிறுவனங்கள் பல, ஒரு போர்ட்டுக்கு இந்த மேக் முகவரிதான் என்று கட்டிவைத்திருக்கும். கன்டெய்னர் தன் சொந்த மேக் முகவரியோடு பேசினால் அவர்களுடைய சுவிட்ச் கேட்காது. வெளிக்கார்டில் ஏஆர்பி கேள்வி போய்க்கொண்டே இருக்கும், பதில் வராது. அதைப் பார்த்தால் உங்கள் சர்வரைக் குடைவதை நிறுத்திவிட்டு அவர்களுடைய நிபந்தனைகளைப் படியுங்கள்.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு, அதைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். அதில் வரும் குறை ஆளைப் பைத்தியமாக்கும். பிங் போகிறது. பெயருக்கு ஐபி கிடைக்கிறது. இணைப்பும் ஏற்படுகிறது. ஆனால் ஒரு பக்கத்தைக் கேட்டால் பாதியில் உறைந்து நிற்கிறது. வழக்கமான ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். சர்வரே ஒரு கிளவுடுக்குள் இருந்து, அதன் பாக்கெட்கள் விஎக்ஸ்லான் உறைக்குள் போட்டு அனுப்பப்பட்டால், உறைக்கே 50 பைட் போய்விடும், மிச்சம் 1450. வெளிக்கார்டில் 1450 என்று சரியாக இருக்கும். டாக்கரின் பிரிட்ஜோ 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கன்டெய்னர் எதிர்முனையிடம் பெரிய பாக்கெட்டாக அனுப்பலாம் என்று சொல்லிவிடுகிறது. வந்த பெரிய பாக்கெட் வழியில் நுழைய முடியாமல் விழுகிறது. "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்குத் தகவல் போக வேண்டும். அது ஐசிஎம்பி தகவல். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவைத்திருக்கும் ஃபயர்வால் ஒன்று வழியில் இருந்தால் அந்தத் தகவலும் போகாது. இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும். சோதிக்க, துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் சரக்கோடு ஒரு பிங், 1422 பைட்டோடு ஒரு பிங். 28 பைட் தலைப்பைச் சேர்த்தால் 1500, 1450. சின்னது போய்ப் பெரியது போகாவிட்டால் பிரிட்ஜின் எம்டியுவைக் குறையுங்கள்.

இதுவரை, வர வேண்டியது வராத குறைகளைப் பேசினோம். வரக் கூடாதது வந்துவிடும் குறையும் ஒன்று உண்டு; யாரும் புகார் செய்யாததால் அது தெரிவதே இல்லை. உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் ஒரு போர்ட்டை மூடிவைத்திருப்பீர்கள். டாக்கர் அதே போர்ட்டை ஒரு கன்டெய்னருக்காக வெளியிடும். வரும் பாக்கெட்டின் சேரிடம் ஆரம்பத்திலேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றப்பட்டு, அது ஃபார்வர்ட் பக்கம் திரும்பிவிடும். யுஎஃப்டபிள்யூ இன்புட் செயினில் காவல் காத்துக்கொண்டிருக்கும். டேட்டாபேஸ் ஊருக்கே திறந்திருக்கும். சர்வரிலேயே நின்று ஃபயர்வால் நிலையைக் கேட்டால் மூடியிருக்கிறது என்றுதான் சொல்லும். வேறு ஓர் இடத்திலிருந்து தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நம் வழக்குக்கு வருவோம். தீர்வுகள் இரண்டு. டாக்கர், நிர்வாகிகள் தங்கள் ரூல்களை எழுதிக்கொள்வதற்கென்றே டாக்கர்-யூசர் என்று ஒரு செயின் வைத்திருக்கிறது. தன் மற்ற ரூல்களுக்கு முன்பே அதைப் பார்க்கும். எல்எக்ஸ்டியின் பிரிட்ஜிலிருந்து வருவதை ஏற்கும் ரூல் ஒன்று, அந்தப் பிரிட்ஜுக்குள் திரும்பிவரும் பதில்களை ஏற்கும் ரூல் ஒன்று, இரண்டையும் அங்கே எழுதலாம். அல்லது, ஐபி ஃபார்வர்டிங்கை கெர்னல் அமைப்புக் கோப்பிலேயே நிரந்தரமாக இயக்கி வைக்கலாம். டாக்கர் எழும்போது அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பதால் பாலிசியைத் தொடாது. ஆனால் ட்ராப் என்ற காவலும் அதோடு போய்விடும். வேறு ஃபயர்வால் இல்லாத சர்வரில் நான் இதைச் செய்ய மாட்டேன்.

எதைச் செய்தாலும் நேரம் முக்கியம். டாக்கர்-யூசர் செயின் டாக்கர் எழுந்த பிறகுதான் உருவாகும். ஆகவே அந்த ரூல்களை எழுதும் ஸ்கிரிப்ட், டாக்கருக்குப் பின் ஓடும்படி சிஸ்டம்டியில் வரிசை குறிக்க வேண்டும். ஃபார்வர்டிங் அமைப்போ டாக்கருக்கு முன் நடந்து முடிந்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்து, கோப்பில் எழுதி, எதை மாற்றினோம் என்று குறித்துவைத்த பிறகு, சர்வரை ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் கன்டெய்னருக்குள் போய்ப் பிங் பார்ப்பதோடு நிற்காமல், ஃபார்வர்ட் செயினையும் ஒரு தடவை பட்டியலிட்டு, டாக்கர்-யூசரில் உங்கள் ரூல்களுக்கு நேரே எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள்.

இனி உங்கள் கேள்விகள்.